குண்டு விழும்போது ஆளில்லாத அகழி: ஜெனரல் ஹைன்ரிசி எப்படித் தாக்குப்பிடித்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜெர்மன் ஜெனரல் கோட்ஹார்ட் ஹைன்ரிசி, ரஷ்யப் பீரங்கிகள் முழங்குவதற்குச் சற்று முன் முன்வரிசை அகழியைக் காலி செய்துவிடுவார், குண்டெல்லாம் வெறும் மண்ணில் விழும், பத்து மடங்கு பெரிய படையையும் அப்படித்தான் தடுத்தார் என்கிறார்களே, உண்மையா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அப்படி ஒரு முறை இருந்ததா என்பது ஒன்று. அவருடைய வெற்றிக்கு அதுதான் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம். இரண்டாவதற்கு, ஓரளவுக்குத்தான்.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். 1886 டிசம்பரில் கிழக்குப் பிரஷ்யாவின் கும்பின்னன் ஊரில், ஒரு புராட்டஸ்டன்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஃபீல்ட் மார்ஷல் ருன்ட்ஷ்டெட் இவருக்கு உறவு. முதல் உலகப்போரில் கிழக்கு முனை, மேற்கு முனை இரண்டிலும் இருந்தார். 1940 ஜூனில் 12வது கோருக்கு (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவுக்கு) தலைமை தாங்கி சார்ப்ருக்கனுக்குத் தெற்கே பிரான்சின் எல்லைக் கோட்டை வரிசையான மாஜினோ அரணை உடைத்தார். 1941ல் 43வது கோருடன் பெலாரஸ் வழியாக, மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா வரை நடந்தார். நடந்தார் என்பது சரியான சொல், அது காலாட்படைக் கோர். 1942 ஜனவரி 20 அன்று மாஸ்கோவுக்கு மேற்கே சிதறிக்கொண்டிருந்த 4வது ராணுவத்தின் தலைமை அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டரை வருடம், சிறு இடைவெளிகளோடு, அதை வைத்திருந்தார். 1944 ஆகஸ்ட் முதல் கார்பேத்திய மலைப்பகுதியில் 1வது பான்சர் (டாங்கி) ராணுவம். 1945 மார்ச் 20 அன்று, ஹிம்லரிடமிருந்து, பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் ஆற்றைக் காத்த விஸ்துலா ஆர்மி குரூப் (பல ராணுவங்களின் தொகுதி). ஏப்ரல் 28-29 இரவில் பதவி பறிபோனது. மே 28 அன்று பிரிட்டிஷாரிடம் சரண். 1948ல் விடுதலை, 1971 டிசம்பரில் மரணம்.

காலி அகழி முறை இவர் கண்டுபிடித்ததல்ல. 1917லேயே ஜெர்மானியர்கள் முன்வரிசையை மெலிதாக வைத்து, ஆழத்தில் நின்று போரிடும் முறைக்கு மாறிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முழுசாகக் காலி செய்யும் வடிவம் மிகப் பெரிய அளவில் பயன்பட்டது ஜெர்மானியர்களுக்கு எதிராகத்தான். 1918 ஜூலை 15 அன்று ஷாம்பான் பகுதியில் ஜெனரல் கூரோவின் பிரெஞ்சு 4வது ராணுவம், பிடிபட்ட கைதிகளிடமிருந்து தாக்குதல் நேரத்தைத் தெரிந்துகொண்டு முன்வரிசையில் காவலாட்களை மட்டும் விட்டு விலகியது. ஜெர்மன் பீரங்கிகள் வெறும் அகழியை உழுதன. இரண்டாம் உலகப்போரில் எர்ஹார்ட் ரவுஸ் போன்ற வேறு ஜெர்மன் தளபதிகளும் இதையே செய்தார்கள். ஹைன்ரிசியின் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார், கடைசியாக பெர்லின் வாசலிலும் செய்தார்.

எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் அது ஏன் எல்லோருக்கும் கைவரவில்லை என்பது புரியும். முதல் தேவை, எதிரி எந்த இரவுக்குப் பிறகு அடிப்பான் என்பது தெரிய வேண்டும். "ஒரு வாரத்துக்குள் வருவான்" என்ற தகவலால் பயனில்லை. இதற்கு மாயமந்திரம் எதுவும் கிடையாது. எதிரிப் பீரங்கிகள் புதிய இடங்களிலிருந்து ஒன்றிரண்டு குண்டுகளாக வீசி இலக்குத் தூரத்தைச் சரிபார்க்கும். இரவில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு வழிகள் திறக்கும். தாக்குதலுக்கான முன்னோட்ட அகழிகள் நெருங்கி வரும். ஓரிரு நாள் முன்னால் பட்டாலியன் அளவில் உளவுத் தாக்குதல் நடக்கும். அதில் பிடிபடும் கைதி புதிய டிவிஷன் ஒன்றின் எண்ணைச் சொல்வான். இவற்றை ஒரே மேசையில் சேர்த்துப் பார்த்து, இன்றிரவா நாளை இரவா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். ஹைன்ரிசியின் உண்மையான திறமை இந்த முடிவெடுப்பில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

இரண்டாவது தேவை, போய் நிற்க ஓர் இடம். முன்வரிசைக்குப் பின்னால், பீரங்கி அடி அடர்த்தியாக விழும் பட்டைக்கு வெளியே, முழுமையாக வெட்டப்பட்ட இன்னொரு அகழி வரிசை இருக்க வேண்டும். தொலைபேசிக் கம்பிகள் புதைக்கப்பட்டிருக்க வேண்டும், இயந்திரத் துப்பாக்கிகளுக்குச் சுடுகோணம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் காலி செய்தால் அதற்குப் பெயர் ஓட்டம். மூன்றாவது, முன்வரிசையில் ஆள் இருப்பதுபோல் காட்ட சிலர் மிஞ்ச வேண்டும்: வெளிச்சக் குண்டு வீச, அவ்வப்போது இயந்திரத் துப்பாக்கியைப் பேசவைக்க. இவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. "காலி" அகழி என்று நாம் சொல்வது முழுக்கக் காலியானதல்ல. நான்காவது, பலர் கவனிக்காத விஷயம்: தன்னுடைய பீரங்கிகள் தன் சொந்த முன்வரிசை அகழியின் மேல் ஏற்கனவே குறி பதித்திருக்க வேண்டும். எதிரிக் காலாட்படை வெற்றிக் களிப்பில் அந்த அகழிக்குள் குதிக்கும் நிமிடத்தில் குண்டு விழ வேண்டும். எதிரியின் குண்டுகள் வீணாவது பாதி லாபம் மட்டுமே. மீதிப் பாதி இந்த நிமிடத்தில்தான் கிடைக்கிறது.

தவறுவதற்கு இடம் நிறைய. ஒரு நாள் முன்னதாக விலகினால் எதிரியின் ரோந்து அகழி வெறுமையாக இருப்பதைக் கண்டுகொள்ளும், அவன் சும்மா நடந்து வந்து உட்கார்ந்து பீரங்கிகளை முன்னால் நகர்த்திவிடுவான். ஒரு மணி நேரம் தாமதித்தால் படை திறந்த வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது குண்டுமழை பிடித்துக்கொள்ளும், அகழிக்குள் இருந்திருந்தாலே மேல். பயிற்சியில்லாத படையாக இருந்தால் இருட்டில் பின்வாங்கத் தொடங்கியவன் இரண்டாவது வரிசையில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பான். எதிரி புத்திசாலியாக இருந்தால் உளவுத் தாக்குதலையே வலுப்படுத்தி, முன்வரிசை மெலிதாகத் தெரிந்தால் அதையே முழுத் தாக்குதலாக மாற்றிவிடுவான். 1944 ஜூனில் செம்படை கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஹிட்லரின் கட்டளை தலைக்கு மேல் தொங்கியது. மேலிடத்திடம் இதை எப்படிச் சொல்வது, எப்போது சொல்லாமல் இருப்பது என்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

ஹைன்ரிசியின் பெயர் நிலைக்கும் இடம் என்று நான் நினைப்பது பெர்லின் அல்ல, பெலாரஸில் உள்ள ஓர்ஷா. 1943 செப்டம்பர் 25 அன்று செம்படை ஸ்மோலென்ஸ்கை மீட்டது. அங்கிருந்து மின்ஸ்க் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ஓர்ஷா வழியாகப் போகிறது. த்வினா, நீப்பர் ஆறுகளுக்கு இடைப்பட்ட கட்டாந்தரையின் தென்முனை அது. ஜெனரல் சொகலோவ்ஸ்கியின் மேற்கு முனைப் படை அந்தச் சாலையைத் திறக்க நான்கு முறை மோதியது: அக்டோபர் 12 முதல் 18 வரை, 21 முதல் 26 வரை, நவம்பர் 14 முதல் 19 வரை, நவம்பர் 30 முதல் டிசம்பர் 2 வரை. நான்கும் தோற்றன. முதல் மோதலின்போதுதான் தெற்கே லெனினோவில் போலந்தின் கொஷ்சியுஷ்கோ டிவிஷன் முதன்முதலாகக் களம் கண்டு, இரண்டு நாளில் சுமார் 3,000 பேரை இழந்தது. அங்கே விடியற்காலையில் அனுப்பப்பட்ட ஒரு பட்டாலியனின் உளவுத் தாக்குதலே ஜெர்மானியர்களுக்கு முன்னெச்சரிக்கையாகிவிட்டது.

ஓர்ஷாவில் என்ன செய்தேன் என்று ஹைன்ரிசியே போருக்குப் பின் விளக்கியிருக்கிறார். தேய்ந்துபோன பத்து டிவிஷன்கள், காக்க வேண்டிய முனையோ 150 கிலோமீட்டர். ஆனால் எதிரி ஒவ்வொரு முறையும் பெருஞ்சாலையை ஒட்டிய சுமார் 20 கிலோமீட்டரில்தான் மோதினான். அந்த 20 கிலோமீட்டருக்கு மூன்றரை டிவிஷன்களைக் கொடுத்து, மீதி 130 கிலோமீட்டரை ஆறரை டிவிஷன்களிடம் விட்டார். சுமார் 380 பீரங்கிகளை அந்தக் குறுகிய பட்டையின் மேல், ஒரே தளபதியின் கட்டுப்பாட்டில் குவித்தார். சண்டை நடக்கும்போது அமைதியான பகுதிகளிலிருந்து புதிய பட்டாலியன்களை நாள்தோறும் கொண்டுவந்து, அடிபட்ட பட்டாலியன்களை வெளியே எடுத்தார். இந்தச் சுழற்சிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தாக்குபவன் மூன்றாம் நாள், எதிரி களைத்திருப்பான் என்று நம்பி வருகிறான். அவன் முன்னால் நிற்பதோ நேற்று இரவு வந்து இறங்கிய படை. காலி அகழி முதல் நாளின் முதல் சில மணி நேரத்துக்குத்தான் உதவும். ஐந்தாறு நாள் நீளும் சண்டையைத் தாங்கியது இந்தப் பட்டாலியன் சுழற்சியும் ஒருமுகப்பட்ட பீரங்கியும்தான்.

இது தோற்றவர் தன் பெருமை சொன்ன கதை மட்டும்தானா? எதிர்த்தரப்பு ஆவணம் இருப்பதால் சரிபார்க்க முடிகிறது. 1944 ஏப்ரலில் சோவியத் தலைவர்களில் ஒருவரான மாலென்கோவ் தலைமையில் ஸ்டாலின் அனுப்பிய விசாரணைக் குழு, மேற்கு முனைப் படையின் குளிர்காலத் தோல்விகளை ஆராய்ந்து கடுமையான அறிக்கை கொடுத்தது. 1943 அக்டோபர் 12 முதல் 1944 ஏப்ரல் 1 வரை பதினோரு தாக்குதல்கள், முனைப்பான பகுதிகளில் மட்டும் 62,326 பேர் இறப்பு, 2,19,419 பேர் காயம், கிடைத்த பலன் அற்பம் என்றது. பீரங்கிகள் குறிப்பிட்ட இலக்குகளைக் கண்டறியாமல் வெறும் பரப்புகளின் மேல் சுட்டன, உளவு மோசமாக இருந்தது, தாக்குதல்கள் ஒரே இடத்தில் துண்டு துண்டாக நடந்தன என்று குற்றங்களை அடுக்கியது. சொகலோவ்ஸ்கி நீக்கப்பட்டார், அந்த முனைப்படை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆக, ஹைன்ரிசி தரப்பின் விளக்கமும் மாஸ்கோவின் விசாரணையும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த மொத்த இழப்பை "ஹைன்ரிசி கொன்றது" என்று எழுதுவது தவறு. பதினோரு தாக்குதல்களில் கணிசமானவை வடக்கே வித்தெப்ஸ்க் பக்கம் நடந்தவை. அங்கே எதிரே நின்றது 3வது பான்சர் ராணுவம், 4வது ராணுவம் அல்ல. கூடவே, மாலென்கோவ் அறிக்கையைக் கூர்ந்து படித்தால், சோவியத் தரப்பின் தவறுகளுக்கும் ஜெர்மன் திறமைக்கும் பங்கு பிரிப்பது லேசான காரியமல்ல என்று தெரியும்.

அந்தத் தவறுகள் திருத்தப்பட்டபோது என்ன நடந்தது என்பதே இதற்கு நல்ல பதில். 1944 ஜூன் தொடக்கத்தில் 4வது ராணுவத்தின் தலைமை டிப்பெல்ஸ்கிர்ஹிடம் போனது. ஜூன் 22-23ல் பக்ராத்தியோன் நடவடிக்கை, அதாவது பெலாரஸில் செம்படையின் பெரும் கோடைத் தாக்குதல், தொடங்கியது. இம்முறை பீரங்கி அடி ஆழமாக விழுந்தது, உளவுப் பட்டாலியன்கள் முன்வரிசையைத் துருவிப் பார்த்தன, அதே ஓர்ஷா ஜூன் 27ல் விழுந்தது. சில நாட்களில் 4வது ராணுவத்தின் பெரும்பகுதி மின்ஸ்குக்குக் கிழக்கே சுற்றிவளைக்கப்பட்டு அழிந்தது. "ஹைன்ரிசி இருந்திருந்தால் நடந்திருக்காது" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்து ராணுவங்கள் வடக்கிலும் தெற்கிலும் உடைந்தபோது நடுவில் இருப்பவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பின்வாங்க அனுமதி தேவை. அந்த அனுமதி நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

இனி எல்லோரும் கேட்கும், பெர்லினுக்குக் கிழக்கே உள்ள சீலோ குன்றுகள், 1945 ஏப்ரல். ஓடர் ஆற்றின் மேற்கே தாழ்வான ஈரநிலம், அதன் விளிம்பில் ஐம்பது மீட்டருக்குள் உயரம் கொண்ட மேடு. கேட்பதற்குச் சின்ன உயரம், ஆனால் கீழே டாங்கியை ஓட்டிவருபவனுக்கு வசந்தகால வெள்ளத்தில் ஊறிய சேறு, எதிரே சரிவு. முக்கியத் தடுப்பு வரிசையை ஹைன்ரிசி அந்த மேட்டில் அமைத்தார். ஏப்ரல் 14ல் சோவியத் உளவுத் தாக்குதல்கள் தொடங்கியதும் நேரம் நெருங்கிவிட்டது என்று கணித்து, 15ஆம் தேதி இரவு முன்வரிசையை விலகச் சொன்னார். 16 அதிகாலை, பெர்லின் நேரம் மூன்று மணிக்கு, சோவியத் மார்ஷல் ஜுக்கோவின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. 143 தேடுவிளக்குகள் எரிந்தன, வெளிச்சம் புகையிலும் புழுதியிலும் மோதித் திரும்பி, சுய்கோவின் 8வது காவல் ராணுவத்தின் கண்ணையே கூசவைத்தது. அன்றே பொறுமையிழந்த ஜுக்கோவ், மேடு பிடிபடுவதற்கு முன்னாலேயே இரண்டு டாங்கி ராணுவங்களையும் உள்ளே தள்ளினார். சேற்றுச் சாலைகளில் காலாட்படையும் டாங்கிகளும் சிக்கிக்கொண்டன. இதுவரை உறுதியானது.

ஆனால் ஓர்ஷாவில் கைகொடுத்தவற்றில் சீலோவில் எத்தனை இருந்தன என்று எண்ணிப்பாருங்கள். சரியான கணிப்பு இருந்தது. இரண்டாவது வரிசை இருந்தது. சுழற்சிக்குப் புதிய பட்டாலியன்கள் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அவருடைய பான்சர் பலத்தில் ஏறக்குறைய பாதியை ஹிட்லர் பிடுங்கித் தெற்கே ஷோர்னரின் ஆர்மி குரூப்புக்கு அனுப்பிவிட்டார். நிரப்புவதற்கு வந்தவர்கள் விமானப்படையிலிருந்தும் கடற்படையிலிருந்தும் திரட்டப்பட்ட, தரைப்போர் தெரியாத ஆட்கள். பீரங்கிக் குண்டுகளுக்குப் பஞ்சம், எரிபொருளுக்கு அதைவிடப் பஞ்சம். ஆக முதல் நாள் தப்பியது, 19ஆம் தேதி மேடு விழுந்தது. அதே 16ஆம் தேதி தெற்கே இன்னொரு சோவியத் மார்ஷல் கோனெவ் நைஸ்ஸே ஆற்றை வேகமாகக் கடந்திருந்தார் என்பதையும் சேர்த்தால், ஜுக்கோவை இன்னும் ஒரு வாரம் தடுத்திருந்தாலும் பெர்லின் சுற்றிவளைக்கப்பட்டிருக்கும்.

சீலோவில் "30,000 ரஷ்யர்கள் இறந்தார்கள்" என்ற எண் எங்கும் உலவுகிறது. இதைச் சந்தேகத்தோடு பாருங்கள். 1990களில் வெளியான ரஷ்ய அதிகாரபூர்வ இழப்புக் கணக்கின்படி, ஜுக்கோவின் 1வது பெலோரஷ்ய முனைப்படை ஏப்ரல் 16 முதல் மே 8 வரை, பெர்லின் தெருச்சண்டையும் சேர்த்து, திரும்பவராத இழப்பாக (இறந்தவர்கள், காணாமல் போனவர்கள்) கொடுத்தது 37,610. அதில் 30,000 பேர் முதல் நான்கு நாளிலேயே போனார்கள் என்றால், பெர்லின் நகரச் சண்டை உட்பட மீதி எல்லா நாட்களுக்கும் சேர்த்து 7,610 பேர்தான் மிஞ்சுவார்கள். அதிகாரபூர்வ எண் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கலாம் என்ற வாதம் உண்டு, ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அந்த வாதம் மட்டும் அடைக்காது. ஓர் ஏரியின் மதகைத் திறந்து ஓடர் தாழ்நிலத்தை அவர் சதுப்பாக்கினார் என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வெள்ளம் இயற்கையாகவே வந்திருந்த பருவம் என்பதால், அதில் மதகின் பங்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி வாரத்தைப் பற்றி ஒரு வரி: ஏப்ரல் 25க்குப் பிறகு வடக்கே மான்டாய்ஃபலின் 3வது பான்சர் ராணுவம் உடைந்ததும், பெர்லினை மீட்கப் படையைத் திருப்பாமல் மேற்கே விலக அனுமதித்தார், ஜெர்மன் ஆயுதப்படைகளின் தலைமையகத் தலைவர் கெய்டல் அவரைப் பதவிநீக்கினார். அதே நேரத்தில் புஸ்ஸேயின் 9வது ராணுவத்தை ஓடரிலிருந்து எடுக்க அவர் கேட்ட அனுமதி கிடைக்காமல், அது பெர்லினுக்குத் தெற்கே ஹால்பே காடுகளில் சிக்கியது. விலகச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது, ஆனால் 9வது ராணுவத்தின் விஷயத்தில் கட்டளையை மீறும் அளவுக்கு அது நீளவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

"நல்ல ஜெர்மன் தளபதி" என்ற அடைமொழியும் உங்கள் கேள்வியில் மறைந்திருக்கிறது. தவறாமல் தேவாலயம் போனவர், கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காதவர், மனைவி யூத வம்சாவளி கொண்டவர் என்பதெல்லாம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். ஸ்மோலென்ஸ்கை எரிக்க மறுத்ததால் 1943 பிற்பகுதியில் ஓய்வு விடுதிக்கு அனுப்பப்பட்டார் என்ற கதையும் உண்டு. தேதிகளைப் பொருத்திப் பாருங்கள்: நகரம் கைவிட்டுப்போனது செப்டம்பர் 25ல், அப்போதே அது பெரும்பாலும் இடிபாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர் ஓர்ஷாவில் போர் நடத்திக்கொண்டிருந்தார். அதற்குமுன் 1943 மார்ச்சில் ர்ஷேவ் பகுதியிலிருந்து 9வது ராணுவமும் 4வது ராணுவத்தின் ஒரு பகுதியும் விலகியபோது கிராமங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் விரட்டப்பட்டார்கள். மேலே சொன்ன அந்த இரண்டாவது அகழி வரிசை இருக்கிறதே, கிழக்கு முனையில் அப்படிப்பட்ட வரிசைகளை வெட்டியவர்களில் பெரும் எண்ணிக்கையினர் கட்டாயமாக இழுத்துவரப்பட்ட உள்ளூர் மக்கள். தற்காப்புத் திறமையை வரைபடத்தில் பார்க்கும்போது இது கண்ணில் படாது.

அவருடைய சொந்தக் கடிதங்களும் நாட்குறிப்பும் 2001 முதல் அச்சில் கிடைக்கின்றன. 1941 நவம்பரில், பிடிபட்ட கெரில்லாக்களைத் தூக்கிலிடும் மொழிபெயர்ப்பு அதிகாரியிடம், என் ஜன்னலுக்கு நூறு மீட்டருக்குள் தொங்கவிடாதே, காலையில் பார்க்க நன்றாக இல்லை என்ற பொருளில் சொன்னதாக அவரே குறித்திருக்கிறார். தூக்கிலிடுவதை நிறுத்தச் சொன்னதாக அந்த இடத்தில் இல்லை. 1930களின் கடிதங்களில் புதிய ஆட்சியின் மேல் நம்பிக்கையும் யூதர்கள் மேல் அந்தக் காலத்துப் பழைமைவாதிகளின் வெறுப்பும் தெரிகின்றன. மனைவியின் வம்சாவளிப் பிரச்சினையோ ஹிட்லர் கொடுத்த விலக்குச் சான்றிதழால் தீர்க்கப்பட்டது. பெர்லின் காலத்தைப் பற்றி நாம் படிக்கும் வசனங்களில் பெரும்பகுதி, போருக்குப் பல ஆண்டுகள் கழித்து அவர் கொடுத்த பேட்டிகளிலிருந்து வந்தவை. ஹிட்லரோடு வாதிட்ட காட்சிகளும் கெய்டலைச் சாலையோரத்தில் எதிர்த்த காட்சியும் அதில் அடக்கம். கெய்டல் 1946ல் தூக்கிலிடப்பட்டுவிட்டார். நடந்தது அதுவாகவே இருக்கலாம், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மேற்கோளாக எடுத்துப் போடாதீர்கள்.